முதல் இழப்பீடு

காப்பியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். மறுபடி சூடுபண்ணித் தர முடியாது. மலையிலிருந்து தெற்குக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. காவல்காரன் வீதிவீதியாக வந்து, வாயில் புகையும் குழாயைக்கூட அணைக்கச் சொல்வான். எல்லாம் மர வீடுகள், மரக் கூரைகள்.

நேற்று மாடிக்குப் போய் என் மனைவி அஃப்ராவோடு பேசினீர்களாம். அதில் தவறில்லை. கம்பெனியின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுத வந்தவர், முதல் இழப்பீட்டை வாங்கிய பெண்ணைப் பார்க்காமல் போனால்தான் தவறு. ஆனால் அவள் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சூரிச்சில் நான்கு பெரிய மனிதர்கள் சேர்ந்து இந்தத் தீக்காப்பீட்டுக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். நான் இந்த ஊர்க்காரன் என்பதால் என்னையே இங்கே முகவராகப் போட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஆள் சேர்க்க வீடுவீடாகப் படி ஏறி இறங்கினேன். விடுதிக்கார காஸ்பார் என் தலையைக் கண்டாலே கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

"வாய்யா ஃப்ரிடோலின், இன்னிக்கு யார் வீடு எரியப் போவுது? முன்னாடியே சொல்லிட்டா நாங்க வாளியோட வந்து நிப்போம்ல?"

பாதிரியார் சிரிக்கவில்லை. "ஆண்டவர் அடிக்கக் கை ஓங்கினா நீ நடுவுல பணப்பையப் புடிப்பியா?" என்று தேவாலய வாசலில் வைத்துக் கேட்டார். அதற்குப் பிறகு பெண்கள் எனக்குக் கதவு திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒருவன் மட்டும் சேர்ந்தான். குதிரைச் சேணம் தைக்கும் மெல்கியோர். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன்.

"எரியாத வீட்டுக்கு எதுக்குடா பணம்?" என்றான். "சரி, கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறேன். நீ காஞ்ச வயித்தோட அலையறதப் பாத்துட்டு இவளுக்குச் சாப்பாடே எறங்க மாட்டேங்குது."

இவள் என்றது அஃப்ராவை. அப்போது அவள் அவன் மனைவி. சிரித்துக்கொண்டே ரொட்டியும் மூலிகை போட்ட பச்சைப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். முன்கையில் மாவு ஒட்டியிருந்தது. இது உங்கள் புத்தகத்துக்கு வேண்டாம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

வசந்தத்தில் சூரிச்சிலிருந்து இயக்குநரே வந்தார். கோடைக்குள் நிலைமை மாறாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கைக் கைவிடப் போவதாகச் சொன்னார். "நம்ம பேச்ச எவனும் நம்ப மாட்டான், தம்பி. ஒரே ஒரு தடவ பணத்தக் குடுத்துக் காட்டிட்டா நம்புவான்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. நல்ல மனிதர். நான்தான் யோசித்தேன். பணம் கொடுக்க வேண்டுமானால் ஒரு வீடு எரிய வேண்டும். நம்மிடம் காப்பீடு செய்த வீடாக இருக்க வேண்டும். ஊரில் அப்படி ஒரே வீடுதான் இருந்தது. ஆகவே நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பொறுப்பில்லாமல் எதையும் செய்யவில்லை. மெல்கியோரின் வீடு ஆற்றங்கரையில் தனியாக நின்றது. காற்றே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருக்கும். மெல்கியோர் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன், ஒரு வாரமும் தவறமாட்டான். கீழே பட்டறையில் தையல் நூலுக்கான மெழுகுச் சட்டியும் சேணத்துக்குள் அடைக்கும் வைக்கோலும் கிடக்கும். வீடு காலியாக இருக்கும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

போகும் வழியில் அஃப்ரா தனியாக எதிரே வந்தாள். "அவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு, மாடில படுத்திருக்கார்" என்றாள். "பிரசங்கம் முடியறவரைக்கும் கொஞ்சம் பேச்சுத்துணையா இருங்களேன். உங்களக் கண்டா எழுந்து உக்காந்துருவார்."

ஆகவே வீடு காலியில்லை என்று எனக்குத் தெரியும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் இளைஞன், நல்ல கால்கள். புகை வந்தால் இறங்கி வெளியே வந்துவிடுவான். மெழுகுச் சட்டியைச் சாய்த்துவிட்டு வைக்கோலில் நெருப்பு வைத்தபோது அப்படித்தான் நினைத்தேன். மேலே அவன் கம்மிய குரலில் ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தான். பிறகு பாட்டு நின்றது. படியில் காலடி கேட்டது.

"யாரது? ஃப்ரிடோலினா?"

நெருப்பு அப்போது சின்னது. இறங்கி வந்திருந்தால் போர்வையாலேயே அடித்து அணைத்திருப்பான். என்னையும் பார்த்திருப்பான். மாடிப்படிக்குப் பட்டறை வழியாக வழியில்லை, வெளியே தனிக் கதவு. நான் வெளியே வந்து அந்தக் கதவைச் சாத்தினேன். இருவரும் வெளியூர் போனால் குறுக்கே போடுவதற்கு வெளிப்பக்கம் ஒரு கட்டை வைத்திருந்தார்கள். அதைப் போட்டேன்.

அவன் தட்டினான். முதலில் மெதுவாக, விளையாட்டுக்குத் தட்டுவதுபோல. "டேய், போதும்டா. தொற." பிறகு மெதுவாக இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் குளிருக்காக ஜன்னல்களைச் சின்னதாக வைப்பார்கள். ஆள் நுழைய முடியாது. நான் ஓடிப்போகவில்லை. தட்டல் நிற்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு கட்டையை எடுத்து அதன் இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஊரைக் கூப்பிடப் போனேன்.

ஆராதனைக்குப் போகாமல் படுத்துக்கிடந்தவன் மெழுகுச் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. நான் போய்ச் சேர்ந்தபோதே வீடு பற்றிக்கொண்டிருந்தது என்றேன், அஃப்ராவும் நம்பினாள். அடக்கம் முடிந்த வாரத்தில் இயக்குநர் வந்து, சந்தைத் திடலில் மேஜை போட்டு, வெள்ளிக் காசாக அஃப்ராவின் கையில் கொடுத்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஊர்தான் பார்த்தது. முதலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தவன் காஸ்பார். இலையுதிர்காலத்துக்குள் இந்தப் பள்ளத்தாக்கில் நம்மிடம் சேராத கூரை கிடையாது. பின்னால் பள்ளத்தாக்கின் மேல்கோடி ஊர் முழுவதும் எரிந்தபோது, பனி விழுவதற்கு முன்பே நாம் அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்தோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரால் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

ஆண்டவர் அடித்த வீடு என்று மற்றவர்கள் ஒதுங்க, அஃப்ரா குடிபோன அறையின் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். "அவரோட அஜாக்கிரதைக்கு நீங்க ஏன் இவ்வளவு செய்யறீங்க?" என்று ஒருநாள் அழுதாள். சிநேகிதம் என்றேன். பிறகு மணந்துகொண்டேன். குழந்தைகள் இல்லை. நல்ல மனைவியாக இருந்தாள்.

வயதான பிறகு எனக்கு மத்தியானத் தூக்கம் பழகிவிட்டது. காற்றுக்கு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும்போது தூக்கத்தில் பேசுகிறேனாம். "பொறுடா மெல்கியோர், இப்பத் தொறக்கறேன்" என்று. பல வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். துக்கம் என்று நினைத்தாளாம். இந்த வருடம்தான் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் காதோடு மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

"ஏன் தொறக்கல?"

நான் பதில் சொன்னேனாம்.

அன்றிலிருந்து காற்று எழுந்தால் இந்த வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கிறாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கிறாள், யாருக்கோ வழிவிடுவதுபோல. கதவு திறந்ததும் என்மேல் படும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். தெற்குக் காற்று அப்படித்தான் இருக்கும். அதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஆனாலும் நான் நாற்காலியைச் சுவரோடு போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளை அழைத்துப்போக ஏரிக்கரை மனநோய் விடுதியிலிருந்து வண்டி வரும். மருத்துவர் பார்த்துவிட்டார், கையெழுத்தாகிவிட்டது. தோட்டத்தைப் பார்த்த அறை. செலவு என்னுடையது. நீங்கள் சூரிச்சுக்குத் திரும்பி, அவளைப் பற்றி ஒரு பக்கம் கௌரவமாக எழுதுவீர்கள். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

பிழை என்றேனே, அது இதுதான். ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு நான் "அஃப்ராவுக்காக" என்று சொன்னதாக உங்களிடம் சொல்லியிருப்பாள். இல்லை. அது முழுக்க முழுக்கக் கம்பெனிக்காகச் செய்தது. அவளிடமிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு புருஷனை இழந்தாள். ஈடாக ஒரு புருஷனைக் கொடுத்தேன், நாள் தவறாமல், இத்தனை வருடமும்.