சாலையின் நடுவில் ஓடுபவன்

வெறும் வயிற்றில் ஓடக்கூடாது, ஐயா. ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான் நான் எடுத்துக்கொள்வது. அன்றைக்கும் அப்படித்தான். என் மனைவி போர்வைக்குள்ளிருந்தே, "ஊரே தூங்குது, உங்கள மட்டும் யாரு துரத்துறாங்க?" என்று கேட்டாள். பதில் சொன்னால் பேச்சு வளரும். ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஐம்பது வயதில் முதல் மாரத்தான். அதற்கு மூன்று வாரம் முன்னால், தனியாக முப்பத்திரண்டு கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் ஓட வேண்டும் என்பது பயிற்சி. இரண்டு ஞாயிறு கோட்டை விட்டிருந்தேன். ஒரு முறை நாய், ஒரு முறை வயிறு. என் மருந்துக் கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன சார், இந்த வாரமாவது ஓடி முடிச்சீங்களா?" என்று மானத்தை வாங்கினார்கள். இந்த முறை என்ன ஆனாலும் நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். இருபுறமும் வயல், ஈ காக்கை கிடையாது. நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் போட்டிருக்கிறார்கள். சரிவில் ஓடினால் முழங்கால் போய்விடும், அதனால் நான் நட்டநடுவில்தான் ஓடுவேன். எதிரே வருகிறவர் ரொட்டிக்காரர் ஒருவர்தான். மொபெட்டுக்குப் பின்னால் பெட்டி நிறைய பன். ஒவ்வொரு ஞாயிறும் தூரத்திலேயே ஓரம் கட்டி, "நீங்க ஓடுங்க சார், நான் ஒதுங்கிக்கிறேன்" என்பார். தங்கமான மனிதர்.

அன்றைக்கும் ஒதுங்கினார். முந்தின நாள் மழையில் ஓரம் அரித்துப்போயிருந்தது அவருக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. மொபெட் சாலையில் சாய்ந்தது, அவர் நாணல் புதருக்குள் விழுந்தார். பன்களெல்லாம் நாலாபக்கமும் உருண்டன. ஒன்றைக்கூட மிதிக்காமல் தாண்டினேன், ஐயா. சாப்பிடுகிற பொருளை மிதிக்க என் அம்மா என்னை வளர்க்கவில்லை.

"சார், காலு..." என்றார். மருந்துக் கடைக்காரனுக்கு ஒரு பார்வை போதும். தொடையில் ரத்தம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் உடனே போகிற உயிர் இல்லை. ஆறரை மணிப் பேருந்து வரும், ஓட்டுநர் மொபெட்டைப் பார்த்து நிறுத்துவார். "பஸ் வந்துரும், அசையாம இருங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னேன். இடுப்புப் பையில் போன் இருந்தது உண்மைதான். ஓடும்போது எண்களை அழுத்த எனக்குக் கை பழகவில்லை.

பதினாறாவது கிலோமீட்டரில் வந்த வழியே திரும்பினேன். பின்னாலிருந்து காற்று தள்ளியது, கால் தானாகப் போனது. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பழைய இடத்துக்கு வந்தால், பேருந்து இன்னும் வந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை தாமதமாகத்தான் வருமாம், எனக்கென்ன தெரியும்? பன்களைக் காக்கைகள் துப்புரவாக முடித்திருந்தன. அவர் புதருக்குள் கிடந்தபடியே கையை நீட்டி மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்திருந்தார், ஹாரனை அழுத்தப் பார்த்தாரோ என்னவோ. கண் திறந்திருந்தது.

அப்போதுதான் பின்னால் தூரத்தில் பேருந்துச் சத்தம் கேட்டது. பேருந்து நின்றால் என்னையும் நிறுத்துவார்கள். எப்படி ஆச்சு, யார் பார்த்தது, அந்தப் பக்கம் பிடி, இந்தப் பக்கம் தூக்கு என்பார்கள். இன்னும் ஒன்பது கிலோமீட்டர் மிச்சம், அதுவும் என் வாழ்நாளிலேயே நல்ல வேகம்.

மத்தியானம் புல் அறுக்க வந்தவர் பார்த்தபோது உயிர் இல்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. நடிப்பில்லை. அவரைப் போல வழி விடுகிற ஆள் இனி கிடைக்கமாட்டார்.

என் கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த ஓட்டக் கணக்கைப் பார்த்துவிட்டு, அங்கே இருபது விநாடி எதற்கு நின்றாய் என்று கேட்டீர்கள். அதை நிற்பது என்று சொல்லமுடியாது, ஐயா. மொபெட்டை நிமிர்த்திப் புதருக்குள் தள்ளினேன், நாணல் மூடிக்கொண்டது. பேருந்து நிற்காமல் போய்விட்டது. தள்ளுவதற்கு ஏழெட்டு விநாடி போதும். அவர்தான் கைப்பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத்தான் மீதி நேரம் ஆனது. வலிக்காமல்தான் பிரித்தேன்.