தழும்பைத் துடைக்காத கை

அன்பின் உறைவிடமே! அடக்கத்தின் இருப்பிடமே! பினாங்கு மாநகரத்து மாந்தரின் முகங்களை மங்காமல் காத்த மாண்பே! நல்லமுத்து புகைப்பட நிலையத்தின் ஓவியச் செல்வரே, உயர்திரு ஆரோக்கியநாதன் அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களை உடன் உழைத்த நாங்கள் உள்ளங்குளிர வணங்குகிறோம்!

யாராவது புகழத் தொடங்கினால் எழுந்து இருட்டறைக்குள் போய்விடுவது தங்கள் வழக்கம். இன்று அதைப் பூட்டிச் சாவியை முதலாளி மடியில் செருகி வைத்திருக்கிறார். தப்ப வழியில்லை. ஆயினும் தங்கள் கூச்சத்துக்கு இரங்கி, மற்றதை அவையோரைப் பார்த்தே சொல்லுகிறோம்.

அவையோரே! சென்னையில் வாலிபராயிருந்த நாளில் ஆரோக்கியநாதன் கோயில்களுக்குப் புனிதர்களின் படங்கள் எழுதிக்கொண்டிருந்தார். மாசு மருவற்ற முகமே அழகு என்று அன்று மனதார நம்பினார். ஜெர்மன் சண்டை வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்தது வீரத்தினால் அல்ல, பசியினால்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். மெசபொட்டேமியாவில் காயம்பட்டவர்களை டோலியில் சுமந்தார். ஒரு குண்டுத் துண்டு அவருடைய இடது காதின் மேற்பாதியைக் கொண்டுபோயிற்று. அன்று கட்டிய தலைப்பாகையை அவர் பிறர் முன் அவிழ்த்ததில்லை. எங்கள் காமிராவின் முன் உட்கார்ந்ததும் இல்லை.

இந்நிலையத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகட்டில் பென்சில் பிடித்து முகங்களைச் செப்பனிடும் வேலை அவருடையது. அம்மைத் தழும்பை மறைப்பார், கண்ணின் கருவளையத்தைக் கரைப்பார், கன்னத்துக் குழியை நிரப்புவார். ஆனால் எந்த முகத்திலும் ஒரே ஒரு குறியை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார். வயதாகிறது, கண் மங்குகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக் குமாஸ்தா நவமணி வந்த நாளில்தான் உண்மை வெளிப்பட்டது. படம் அவருக்குப் பெண் பார்த்திருந்த நாகப்பட்டினத்துக்குப் போகவேண்டும். புருவத்தைக் குறுக்கே பிளந்த வெட்டு அதில் பளிச்சென்று தெரிந்தது.

“என்னாண்ணே இது? பொண்ணு வீட்டுக்குப் போற படம்லா! இந்த வெட்டப் பார்த்தா ரவுடின்னு நெனச்சுக்க மாட்டாங்களா?” என்று நவமணி கடையே அதிரக் கத்தினார்.

“அது உங்க முகம் தம்பி. அத எடுத்துட்டா வேற யாரோ ஆயிருவீங்க” என்றார் ஆரோக்கியநாதன்.

வேறு படம் எடுக்க நேரமில்லை. மறுநாள் காலை தபால் கப்பல். முணுமுணுத்துக்கொண்டே நவமணி அதையே எடுத்துக்கொண்டு போனார். முதலாளிக்கு மூக்குக்குமேல் கோபம். “இந்தக் கல்யாணம் தவறிப்போச்சுன்னா அன்னைக்கே நீ வேற எடம் பாத்துக்க, ஆரோக்கியம்” என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலைதான் அவர் எங்களிடம் மனம் திறந்தார். சண்டைக் காலத்தில், பாஸ்ராவில் வாந்திபேதிக் கூடாரத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. தம்பியைத் தேடி வந்த சிப்பாய் ஒருவன் தம்பியின் படத்தை அவர் கையில் கொடுத்து வெளியே நின்றானாம். கப்பலேறுமுன் எடுத்த படம். தழும்பு ஒன்றில்லாமல் முகம் வெண்ணெயாய் வழிக்கப்பட்டிருந்தது. நோயில் வற்றிய முகங்களைக் கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு, இங்கே இல்லை என்று இவர் திருப்பி அனுப்பினார். மறுநாள் ஒரு சடலத்தைக் குழிக்கு எடுத்துச் சென்றபோது, தாடையோரத்துப் பழைய தீக்காயத்தைக் கண்ட அந்தச் சிப்பாய் “என் தம்பி!” என்று விழுந்து புரண்டான்.

“அந்தத் தீக்காயம் படத்துல இருந்திருந்தா, உசுரோட இருக்கறப்பவே அண்ணன் கொரலக் கேட்டிருப்பான்” என்று சொல்லிவிட்டு ஆரோக்கியநாதன் பென்சிலைச் சீவத் தொடங்கினார். முதலாளியும் இதைக் கேட்டார்; ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

பெண் வீட்டார் சம்மதித்தார்கள். மணப்பெண் சவுந்தரமும் தாயாரும் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கரையிறங்கிய வேளையில் மழைக்காற்றில், நவமணி அக்கரையிலிருந்து வரவேண்டிய பட்டர்வொர்த் படகு தாமதித்துவிட்டது. ‘நவமணி வரலையா?’ என்று தாயார் துறைமுகத்தில் கண்டவரையெல்லாம் விசாரிக்க, அதைக் காதில் வாங்கிய ஒருவன், அதே வயது, அதே மீசை, “நான்தான் நவமணி, வண்டி ரெடியா நிக்குது” என்று மூட்டையில் கைவைத்தான். தாயார் நம்பிவிட்டார். சவுந்தரம் மடியிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“புருவத்துல வெட்டு எங்க?”

கேட்டதும் அவன் கூட்டத்தில் மறைந்தான். அப்படிப்பட்டவர்களோடு வண்டியேறிப்போன பெண்களின் கதி துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். நனைந்து மூச்சிரைக்க நவமணி ஓடி வந்தபோது, சவுந்தரம் அவருடைய புருவத்து வெட்டைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை நீட்டினார். மறுநாள் முதலாளி நல்லமுத்து கடைக்கு வந்து, ஆரோக்கியநாதன் மேசைக்குப் புது விளக்கொன்று வாங்கி வைத்தார்.

ஆரோக்கியநாதரே! இனித் தங்களிடமே பேசுகிறோம். சண்டையில் தாங்கள் சுமந்தவர்களை நாங்கள் அறியோம். சுமந்த தோளின் அருமையை அறிவோம். ஒரு மனிதன் பட்ட பாட்டை அவன் முகத்திலிருந்து திருடக்கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தீர்கள். நன்றி, ஐயா, நன்றி! மகள் ஐரீன் வீட்டில் தாங்கள் நோயற்று, நெடிது வாழ்ந்து, மாலை தவறாமல் காப்பி குடித்து மகிழ்ந்திருக்க இறைவனை இறைஞ்சுகிறோம்.

கடைசியாக, எங்கள் காணிக்கை. சென்ற ஞாயிறு சவுந்தரம் வந்து, “என்னக் காப்பாத்துன வெட்டு ஊருக்கே தெரியுது. ஒங்க காத மட்டும் ஏன்ணே ஒளிக்கிறீங்க?” என்று கேட்டாரே, தாங்களும் தலைப்பாகையை அவிழ்த்து உட்கார்ந்தீர்களே, அந்தப் படம் இம்மடலோடு சட்டமிட்டிருக்கிறது. நெற்றிச் சுருக்கம் சிலவற்றைத் துடைத்துவிட்டோம், பொறுத்தருள்க. காதைத் தொடவில்லை.

தங்களைப் பிரிய மனமில்லாத,
நல்லமுத்து புகைப்பட நிலையப் பணியாளர்கள்
பினாங்கு, 1934