கேட்காமல் போன பெயர்

பர்மாவில், மிங்கலாடோன் விமான நிலையம் வழியாகச் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் கைப்பேசியில் கண்ட செய்தியைத் தம் மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"யூதரும் ஜெர்மானியரும் இணங்கி வாழப் பாடுபட்டவங்களுக்கு ஜெர்மனியில ஒரு அருங்காட்சியகம் விருது கொடுக்குதாம்."

"அவ்வளவு பேரைக் கொன்னதுக்கு அப்புறமுமா பேசிக்கிறாங்க?"

"பேசிக்கிறாங்களே. பெரிய மனசு."

"நம்ம பொண்ணு யாரையும் கொல்லலியேங்க. ஒரு முஸ்லிம் பையனைக் கட்டிக்கிட்டா, அவ்வளவுதான். இன்னைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நாட்டை விட்டே போறா. இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசுங்க, நானே உங்களுக்கு விருது தர்றேன்."

அவர் கைப்பேசியை அணைத்தார். விமான நிலைய நிறுத்தம் வந்தது. அம்மையார் எழுந்தார்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கா?"

"அவகிட்டயே வந்து கேளுங்க."

அவர் எழவில்லை. கதவு மூடியது. கீழே நின்ற அம்மையார் மனம் பொறாமல் சன்னலை நோக்கி ஏதோ உரக்கச் சொன்னார். புறப்பட்ட பேருந்தின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

சன்னலோரம் நின்றிருந்த பர்மியர் ஒருவரிடம் பெரியவர் பர்மிய மொழியில் கேட்டார்:

"என் பேரப்பிள்ளையின் பெயரைச் சொன்னாளே, உங்களுக்குக் கேட்டதா?"