கருவாட்டோடு காயவேண்டிய சார்ஜர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் போன் கடையில் எனக்கு முன்னால் மயிலிட்டி மீனவப் பெண் ஒருத்தியும் அவளுடைய கணவரின் அக்காவும் நின்றார்கள். கணவர் வரவில்லை, இரவுக் கடலால் வந்து நித்திரையாம்.

"உந்தச் சோலார் சார்ஜரைக் கருவாட்டோட காயவைப்பம், மச்சாள்."

"காகம் கொத்தாதோ?"

"கருவாட்டுக்குக் கலைக்கிறன்தானே, இதுக்கும் கலைப்பன். முந்தநாள் கடலில உங்கடை தம்பின்ரை போனிலை சார்ஜ் முடிஞ்சு, விடியுமட்டும் நான் துறைமுகத்திலை நிண்டன்."

"அவன் போறது இரவிலை. பகலிலை வீட்டிலை கரண்ட் இருக்கேக்கை வெயில் ஏனடி? சும்மா பவர் பாங்க் காணும்."

"அதைச் சார்ஜிலை போட அவர் மறந்திடுவார்."

"மறக்கிறது அவன். நீ மறப்பியோ?"

அவள் சோலாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதாரண பவர் பாங்க் ஒன்றை வாங்கினாள். மூவாயிரத்து இருநூறு ரூபாய்.