மாத்திரை மஞ்சள்

— சிரிக்காதட்டி. பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாக்கான்.

— நான் எங்கங்க சிரிச்சேன்? தொண்டையில என்னமோ சிக்கிக்கிட்டு.

— டாக்டர் ரூம்லயும் இதத்தான் சொன்ன. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு குலுங்குத. கட்டுனவன் மஞ்சக்காமாலையில பாதி உசுரா உக்காந்திருக்கேன்.

— காமாலை எங்க இருக்கு? கண்ணைப் பிதுக்கிப் பாத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்து, ரத்தத்தையும் பாத்தாச்சு. “பிள்ளைவாள், உங்களுக்கு ஒண்ணுமில்ல, அந்த வைட்டமின் மாத்திரைதான் ஒண்ணுக்குல மஞ்சளா எறங்குது”ன்னு எம்புட்டு தன்மையாச் சொன்னாரு.

— மெள்ளப் பேசு வடிவு. ஒண்ணுக்கு கிண்ணுக்குன்னுக்கிட்டு.

— ஆமா, இப்பம் வெக்கம் வந்துட்டு. அன்னைக்குக் கொல்லையில நின்னுக்கிட்டு, “ஏட்டி இங்கன வா, என் காலம் முடிஞ்சுபோச்சு”ன்னு எட்டு வீட்டுக்குக் கேக்கச் சத்தம் போட்டது யாரு?

— மஞ்சள்னா சாதா மஞ்சளா அது? செவ்வந்திப்பூ கணக்கால்லா இருந்துச்சு. போதாக்குறைக்கு ஏப்பம். அந்த மாத்திரை வாடை நெஞ்சுக்குள்ள இருந்து ஏறி ஏறி வருது. வயித்தைக் குமட்டுது. இதெல்லாம் சேந்து வந்தா மனுசன் என்னன்னு நினைப்பான்?

— வெறும் வயித்துல போட்டா குமட்டத்தான் செய்யும். சிலோன் ரேடியோக்காரன் சத்து மாத்திரைன்னு சொல்லுதான்னு என்னை விரட்டி வாங்க விட்டீய. சாப்பிட்டுட்டுப் போடணும்னு அவன் சொல்லலையாக்கும்.

— அது சொன்ன மாதிரி இல்ல.

— டாக்டர் சொன்னாருல்லா, இனிமே சோத்துக்குப் பொறவு போடுங்க. தண்ணி நெறையக் குடிங்க. அப்படியும் ஒத்துக்கலன்னா பாதியா உடைச்சுப் போடுங்க, இல்லன்னா விட்டுத் தள்ளுங்க. நீங்க என்னடான்னா மாத்திரையவும் நிறுத்தாம, மேல கீழாநெல்லிய அரைச்சு மோருல குடிச்சுக்கிட்டு. உப்பில்லாத கஞ்சி. தாளிதம் ஆகாது. நான் ஒரு அப்பளம் பொரிச்சா, கொல்ல வந்தவளைப் பாக்குற மாதிரி பாத்தீய.

— நாக்கு செத்துப்போச்சு வடிவு.

— குத்தாலத்துக்கு, நம்ம வீட்டுக்குப் போனதும் சொதி வைக்கேன். இஞ்சித் துவையலும் அரைக்கேன். போதுமா?

— பஸ்ஸு வந்தாலும் நீ ஏற விடமாட்டேங்குத. கூட்டமா இருக்கு, அடுத்ததுல போவோம், அடுத்ததுல போவோம்னு. சரி, அதை விடு. வேற ஒரு காரியம் இருக்கு. அவளுக்குச் சொல்லி அனுப்புனமே.

— எவளுக்கு?

— தெரியாத மாதிரி கேக்காத. வடகரையில இருக்காள்லா.

— பேரைச் சொல்லுங்க. உங்க அம்மை பேரைத்தான வச்சீய.

— பேராச்சிக்கு.

— ஆங். இப்பம் சொல்லுங்க.

— அப்பன் சாகக் கிடக்கான்னு, வடகரைக்குப் போயிட்டு வார ரஹ்மத் பாய்கிட்ட சொல்லி விட்டியாக்கும்?

— அப்படியெல்லாம் சொல்லல. “அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, மகளைப் பாக்கணும்னு சொல்லுதாக”ன்னு சொல்லச் சொன்னேன். நீங்க சொன்னதுதான. சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு, “அவளை ஒருவாட்டி வரச் சொல்லு”ன்னீய.

— அது காமாலைக்காரன் சொன்னது. இப்பம் எனக்குக் காமாலை இல்லல்லா.

— அதனால?

— வர வேண்டாம்னு சொல்லி விட்டுரு.

— கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மேல சொல்லுங்க.

— மேல என்ன? அவளைக் கட்டுன ஞானபாக்கியம் டீச்சர் மகன் சிரிப்பான். நம்மள வேண்டாம்னு விரட்டுன மாமனாரு, சத்து மாத்திரைக்குப் பயந்து மகளைக் கூப்பிட்டாராம்னு. வேதக்கோயில்ல பாட்டு முடிஞ்சதும் அவுக ஆளுகளே கூடி நின்னு சிரிப்பாவ.

— அவரு சிரிக்கிற ஆளு இல்லங்க. என் வாசப்படி ஏறாதன்னு நீங்க சொன்ன அன்னைக்குக்கூட கும்பிட்டுட்டுதான் எறங்கிப் போனாரு.

— ஒனக்கு எப்பவும் அவன்தான் உசத்தி.

— அவ புள்ளை பல்லு மொளச்சு, நடந்து, வாய் ஓயாம பேசவும் செய்யுது. தாத்தா எந்தப் பக்கம்னு கேக்குது. நீங்க இன்னும் ஒரு கண்ணு பாக்கல.

— தாத்தாவக் கேக்குதா? ஒனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்தியா?

— அருவியில குளிக்கப் போவோம்லா. ஆம்பளைக பக்கம் நீங்க குளிச்சு முடிச்சு, ஈர வேட்டியோட நடுங்கிக்கிட்டு நிப்பீய. நான் வரதுக்கு நேரமாகும். என்னட்டி இம்புட்டு நேரம்னு எரிஞ்சு விழுவீய.

— பொம்பளைக பக்கம் கூட்டம்னு சொன்ன.

— கூட்டந்தான். நானும் அவளும் புள்ளையும்.

— அடி கள்ளி.

— சாரல்ல நனைஞ்சு நனைஞ்சு நாங்க பேசுனது அங்கன தண்ணிக்குத்தான் தெரியும். திட்டணும்னா மொத்தமாத் திட்டிருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு.

— இன்னுமா?

— மாத்திரை வாங்குன அன்னைக்கே மருந்துக்கடை ஷமீம் பானு சொன்னா. “அக்கா, இது போட்டா மஞ்சளாப் போவும், அண்ணாச்சி பயந்துராம பாத்துக்கிடுங்க”ன்னு. நான் மறந்துட்டேன். பொறவு நீங்க பயந்து படுக்கவும்தான் ஞாபகம் வந்து, சொல்லத்தான் கிட்ட வந்தேன். அதுக்குள்ள நீங்க மகளை வரச் சொல்லுன்னுட்டீய. அந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்துக் கெடந்திருப்பேன். வாயை மூடிக்கிட்டேன்.

— தெரிஞ்சுக்கிட்டே எனக்கு உப்பில்லாத கஞ்சிய ஊத்துன.

— ஊத்துனேன். ஊத்திட்டு அடுப்படியில போயி அழவும் செஞ்சேன், சிரிக்கவும் செஞ்சேன். ஏங்க, அந்தா வடகரை பஸ்ஸு.

— எங்கன?

— நிக்கிதுல்லா. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குதா பாருங்க. பின்னால பையத் தூக்கிக்கிட்டு அவரு. திரும்பிப் போகச் சொல்லணும்னா எந்திரிச்சுப் போய் நீங்களே சொல்லுங்க.

— இதுக்குத்தான் என்னை இங்கன உக்கார வச்சிருந்தியா?

— ஆமா.

— மெலிஞ்சு போயிட்டாளே. அந்தப் புள்ளை நம்ம சாடைல்லா இருக்கு. இரு, வேட்டிய இழுத்துக் கட்டிக்கிடுதேன். என் மூஞ்சி எப்படி இருக்கு?

— நல்லா தெளிவாத்தான் இருக்கு.

— அதான் சங்கடம். எங்க நோயின்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

— டாக்டர் சொன்னதச் சொல்லுங்க. எனக்கே இப்பம்தான் தெரியும்னு சொல்லுங்க.

— அது பொய்யாயிரும்லா வடிவு. அடுத்த மாத்திரை அட்டை வாங்கப் போனப்பம் ஷமீம் பானு எங்கிட்டயும் சொன்னா.

— என்னைக்குங்க?

— மகளை வரச் சொல்லுன்னு உங்கிட்ட சொன்னதுக்கு முந்தின நாளு.