சகாராவின் கிதாருக்கு ஒரு பாட்டுப் போதுமா?

பனி கொட்டும் மொன்றியலிலும் பைந்தமிழ் வாடாது காக்கும் சங்கத் தலைவர் தியாகலிங்கம் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் முதியோரே! மடியில் மழலையும் காலடியில் வடைப் பெட்டியுமாய் வீற்றிருக்கும் தாய்மாரே! லவாலிலும் லாசாலிலும் இருந்து வந்து கதிரை தேடி நிற்கும் இளையோரே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் யார்? மாலி நாட்டவர்; சகாரா மணலில் பிறந்து, கிதாரோடு வந்த கலைஞர்கள். நமது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கலைவிழாவுக்கு அவர்களை இழுத்து வந்த குற்றவாளி யார்? அடியேன்! தலைவர் சொல்லிவிட்டார்: "ஒரு பாட்டுத்தான். சபை எழும்பாட்டி திரை விழும்." ஐயா, சாப்பாட்டு நேரம் தவிர இந்தச் சபை எப்போது எழும்பியது? சிரிக்காதேங்கோ, உண்மைதானே!

போன ஆடியில் இந்நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சிறு மண்டபத்தில் இவர்கள் வாசித்தார்கள். நானும் மனைவி ஞானாம்பிகையும் போனோம். கலைஞரைக் கண்டால் கௌரவிக்காமல் வரலாமா? பைக்குள் பொன்னாடை! பாட்டுத் தொடங்கியது. ஒரே மெட்டு, சுற்றிச் சுற்றி வருகிறது. "இன்னும் சுருதிதானே சேர்க்கினம்?" என்றேன். "சும்மா இருங்கோப்பா" என்றாள். திடீரென்று கிதார் அடங்கியது. முடிந்தது என்று மேடைக்குப் பாய்ந்தேன். ஐயையோ, அவர்கள் மூச்சுத்தான் விட்டார்கள்!

பாடகர் மறுபடி வாசித்தபடியே தலையைக் குனிந்தார். பொன்னாடையைப் போர்த்தினேன். பக்கத்தில் கைதட்டிக்கொண்டிருந்த பெண்மணி அதை எடுத்து, அவர் தலைப்பாகைக்கு மேல் இன்னொரு தலைப்பாகையாய்ச் சுற்றினார்! சரிகைக் கரை மின்னியது, குலவை எழுந்தது, தாளம் இரட்டித்தது! நானோ இறங்க வழி தெரியாமல் மேடை நடுவே துள்ளினேன். ஓம், இந்த வயிற்றோடு துள்ளினேன்! கீழே ஞானாம்பிகை, "இறங்குங்கோ, சனம் பாக்குது!" என்று கத்தினாள். எப்படிக் கத்தினாள்? ஆடிக்கொண்டே கத்தினாள்! என்ன, பின்வரிசையில் சிரிக்கிற தம்பி ரதீசன், நம்பேல்லையோ? அந்தா இருக்கிறா ஞானாம்பிகை அக்கா, கேளும்.

பாட்டின் பொருளைப் பிறகு கேட்டேன். ஊருக்குத் திரும்ப வழியில்லை என்பதுதானாம். அந்தத் துயரம், ஊரை விட்டு ஓடி வந்த நமக்குத் தெரியாததா? மேடை மேடையாய்ப் பேசினோம், இருந்தபடி கேட்டோம், மூக்கைச் சீறினோம், வீடு போனோம். இவர்களோ அதே துயரத்தை எழுந்து நின்று பாடுகிறார்கள்! ஒலிநாடாவில் கேட்டால் காது கேட்கும். நேரில் கேட்டால்? நெஞ்சு கேட்கும், நிலம் கேட்கும், முன்பின் தெரியாதவர் கையும் உங்கள் கையும் ஒன்றாய்த் தட்டும்! எனக்கு அழுகையும் வந்தது, ஆட்டமும் நிற்கவில்லை.

பொறுங்கள், கேட்கிறதா? திரைக்குப் பின்னால் கிதாரை மெல்லத் தொடுகிறார்கள். தலைவர் அவர்களே, மேசைக்குக் கீழே என்ன நடக்கிறது? சபையோரே, எட்டிப் பாருங்கள், தலைவரின் சப்பாத்துக் கால் தாளம் போடுகிறது! ஒளிக்காதேங்கோ ஐயா, எல்லாரும் கண்டிட்டினம்! இனி யார் திரையை விழுத்துவது? கதிரைகளைச் சுவரோரம் தள்ளுங்கள், தாய்மாரே, வடையை ஓரமாய் வையுங்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஆடப்போகும் தலைவருக்கு வணக்கம்!