மாமாவுக்குக் கலக்கிய கசப்பு விஸ்கி

"விஸ்கியில நிலவேம்பு கஷாயத்த ஊத்துனேன் மச்சான்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை பார்ப்பவராம்.

"அய்யய்யோ! யாருக்குடா?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"மாமாவுக்குத்தான். சரக்கு கலக்குறவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னாரு இல்ல? என் வேலைய அவரே பாக்கட்டும்னு அவுங்க வீட்டுலயே கலக்குனேன்."

"அதுக்கு எதுக்குடா கஷாயம்?"

"நான் கலக்குன காக்டெயில்ல ஊத்த செவப்பா ஒரு கசப்பு சரக்கு வேணும். பாண்டியிலருந்து கொண்டாந்தா செக்போஸ்ட்ல புடுங்கிடுவான். அதான் நிலவேம்புல ஆரஞ்சுத் தோலப் போட்டு கொதிக்க வச்சேன். இனிப்பு ஒயினும் விஸ்கியும் சேத்து, ஐஸ் போட்டு மெதுவா கலக்குனேன்."

"குடிச்சாரா?"

"மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கு. கசப்புக்கு வாயில போட சர்க்கரை எங்கடான்னாரு."

"போச்சு!"

"ரெண்டாவது கிளாஸ குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுங்க மாமான்னேன். கண்ண மூடி ரசிச்சாரு. ‘நல்லா கத்து வச்சிருக்கடா, பொண்ண உனக்கே தரேன்’னாரு."

கஷாயத்தை வைத்தே சம்மதம் வாங்கிய அந்த முகத்தை எழுந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"போதையில சொல்லியிருப்பாரு மச்சான்" என்றார் நண்பர்.

"காலையில காபி குடிச்சிட்டு மறுபடியும் சொன்னாருடா."